நிறுத்தி வைத்த இதயம்

இதயத்தின் வால்வைத் திறந்து பார்த்து வேலை செய்ய வேண்டுமானால் இதயம் அசையாமல் இருக்க வேண்டும். உள்ளே ரத்தமும் நிறைந்திருக்கக் கூடாது. அதற்காக அயோர்ட்டா என்னும் பெருந்தமனி இதயத்திலிருந்து புறப்படும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு கவ்வியைப் போடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அயோர்ட்டாவின் முதல் கிளைகள் இரண்டும் இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள். கவ்வி விழுந்ததும் மூளையையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் இதய-நுரையீரல் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இதயத்துக்கு மட்டும் அன்றைக்குப் பட்டினி.

இன்று ஒரு வால்வை மாற்றும் அறுவையில் இந்தப் பட்டினி ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ நீடிப்பது சாதாரணம். இரண்டு வால்வு என்றால் இரண்டு மணி நேரத்தையும் தாண்டலாம். கவ்வியை எடுத்த சிறிது நேரத்தில் பல இதயங்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கிவிடுகின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே கவ்வியைப் போட்ட மருத்துவருக்கு, வேறு பாதுகாப்பு எதுவும் இல்லையென்றால், பதினைந்து இருபது நிமிடம்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் புது வால்வு சரியாக உட்கார்ந்திருக்கும், தையல் ஒழுங்காக இருக்கும், இதயம் மட்டும் எழுந்திருக்காது. கவ்வி அன்றிலிருந்து அதிகம் மாறவில்லை. மாறியது, கவ்வி விழுந்த பிறகு இதயத்துக்குள் என்ன போகிறது என்பது.

அதற்கும் முந்திய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 1925-இல் லண்டனில் ஹென்றி சவுட்டர் ஓர் இளம்பெண்ணின் இடது மேலறை ஓரத்தில் உள்ள சிறு பையைத் திறந்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, கீழறைக்குப் போகும் வழியிலுள்ள மிட்ரல் வால்வைத் தொட்டுப் பார்த்து விரலாலேயே அகட்டினார். அவ்வளவு நேரமும் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் பிழைத்தார். ஆனால் சவுட்டரிடம் அடுத்த நோயாளியை யாரும் அனுப்பவில்லை. வால்வு நோய் என்பது உண்மையில் தசையின் நோய்தான், வால்வைத் தொட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அன்றைய பெரிய மருத்துவர்கள் நம்பினார்கள். 23 ஆண்டுகள் கழித்து, 1948-இல், பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி, பாஸ்டனில் டுவைட் ஹார்கன், லண்டனில் ரஸ்ஸல் பிராக் என மூவர் ஒரே ஆண்டில் அந்த வேலையை மறுபடி கையில் எடுத்தார்கள்.

இந்த அறுவை நம் நாட்டுக்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் மிட்ரல் வால்வின் இதழ்களைத் தடிக்க வைத்து ஓரங்களை ஒட்டிவிடும். மேல்நாட்டில் நடுவயதில் வரும் மூச்சுத்திணறல் இங்கே பள்ளிக்கூட வயதிலும் முதல் பேறுகாலத்திலும் வந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ரீவ் பெட்ஸ் தொடங்கிய மார்பு அறுவைத் துறை இந்தச் சிகிச்சையில் பெயர்பெற்றது. ஸ்டான்லி ஜானும் சக மருத்துவர்களும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் மட்டும் 3,724 நோயாளிகளின் கணக்கு இருக்கிறது. உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத எண்ணிக்கை அது. ஒரு விரல், பிறகு விரலின் வழிகாட்டலில் விரியும் ஒரு கருவி, சில நிமிட வேலை. இயந்திரம் வேண்டாம், ரத்தமும் அதிகம் வேண்டாம். இதயத் தசையைக் காப்பாற்ற யாரும் எதுவும் செய்யவில்லை. இதயம் நிற்கவே இல்லை என்பதுதான் காப்பு.

விரல் நுனிக்கு ஓர் அறிவு இருந்தது. வால்வு வளைகிறதா, சுண்ணம் படிந்து கரகரக்கிறதா, அகட்டிய பிறகு ரத்தம் பின்னோக்கிப் பீறிட்டு விரலில் மோதுகிறதா என்பதையெல்லாம் கண்ணால் பார்க்காமலே அது சொன்னது. ஆனால் விரலால் ஒட்டியதைப் பிரிக்கத்தான் முடியும். கிழிந்ததைத் தைக்கவோ, ஒழுகுவதை அடைக்கவோ, கெட்டுப்போனதை மாற்றவோ முடியாது. அதற்கு இதயத்தைத் திறந்தாக வேண்டும்.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் தம் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு ஒரு பெண்ணின் இதயத் துளையை அடைத்தார். உடம்பைக் காப்பாற்றும் வழி கிடைத்துவிட்டது. இதயத்தைக் காப்பாற்றும் வழி? இரண்டே ஆண்டில் அதற்கும் விடை வந்துவிட்டதாகத் தோன்றியது. 1955-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த டெனிஸ் மெல்ரோஸும் உடன் பணியாற்றியவர்களும் லான்செட் இதழில் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார்கள். பொட்டாசியம் சிட்ரேட்டை ரத்தத்தில் கலந்து கரோனரி தமனிகளுக்குள் செலுத்தினால் இதயம் நின்றுவிடுகிறது. கழுவி விட்டால் மறுபடி துடிக்கிறது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். நிறுத்தவும் ஓடவிடவும் ஒரு விசை கிடைத்தாற்போல எல்லோருக்கும் உற்சாகம்.

அந்த உற்சாகம் ஐந்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. மெல்ரோஸ் கலவையில் நிறுத்திய இதயங்களின் தசையில் ஆங்காங்கே திட்டுத்திட்டாகச் செல்கள் செத்திருப்பதை 1950-களின் இறுதியில் கண்டார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு மூன்றரை முதல் ஐந்து மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. மெல்ரோஸ் கலவையில் அது 200-ஐத் தாண்டியது. அதோடு சேர்ந்த சிட்ரேட், தசை இயங்கத் தேவையான கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இப்போது பார்த்தால் தவறு அளவில்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அன்று அப்படிப் பார்க்கவில்லை. பொட்டாசியமே குற்றவாளி என்று தீர்ப்பாகி, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அடுத்த பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் பெயரை எடுக்கவே தயங்கினார்கள். ஜெர்மனியில் மட்டும், பிரெட்ஷ்னைடர் என்ற உடலியங்கியல் அறிஞர், வேறு கலவைகளைச் சோதித்தபடி இருந்தார். அவர் 1964-இல் எழுதியதை மற்ற நாட்டவர் கவனிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில்தான் வால்வு மாற்றும் அறுவை பிறந்தது என்பது வரலாற்றின் விசித்திரம். 1960 மார்ச்சில் ஹார்கன், அயோர்ட்டாவின் வாயிலில் உள்ள அயோர்ட்டிக் வால்வின் இடத்தில் ஒரு செயற்கை வால்வை வைத்தார். அதே மாதம் நினா பிரான்வால்ட் மிட்ரல் வால்வை மாற்றினார். செப்டம்பரில் ஓரிகனின் போர்ட்லாந்தில் ஆல்பர்ட் ஸ்டார், பொறியாளர் லோவல் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய கூண்டுப்பந்து வால்வைப் பொருத்தினார். வால்வு தயார். அதைத் தைத்து முடிக்கும்வரை தசை உயிரோடிருக்க ஒரு நம்பகமான வழிதான் இல்லை.

இருந்த வழிகள் நான்கைந்து, எதுவும் முழுமையில்லை. அயோர்ட்டிக் வால்வு அறுவையில் அயோர்ட்டாவைத் திறந்து, இரண்டு கரோனரி தமனிகளின் வாயிலும் மெல்லிய குழாய்களைச் செருகி, இயந்திரத்திலிருந்து ரத்தத்தை நேராக அவற்றுக்குள் ஓட்டினார்கள். கரோனரியின் வாய் மூன்று நான்கு மில்லிமீட்டர். அதற்குள் ஒரு குழாயை வைத்து, நழுவாமல் உதவியாளர் பிடித்துக்கொண்டு நிற்க, அதே குறுகிய இடத்தில் வால்வின் வளையத்தைச் சுற்றித் தையல் போட வேண்டும். குழாய் ஆழமாகப் போனால் ஒரு கிளைக்குள் மட்டும் ரத்தம் போகும், மற்றக் கிளை வாடும். அழுத்திப் பிடித்தால் தமனியின் உள்சுவர் கிழியும்; மாதங்கள் கழித்து அந்த வாய் தழும்பேறிச் சுருங்கிப்போன நோயாளிகளும் உண்டு. இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால் ஊசி குறி தவறும்.

இன்னொரு வழி, மின்சாரத்தால் இதயத்தை வெறுமனே நடுங்க வைப்பது. வெளியே பார்க்க அது ஓய்வு போலத் தெரியும். மூன்றாவது, கவ்வியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் வேலை, எடுத்து விட்டுச் சில நிமிடம் ரத்தம், மறுபடி கவ்வி. நான்காவது, நார்மன் ஷம்வே குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் 1950-களின் இறுதியில் காட்டிய குளிர்: இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் பனிக்குளிர்ந்த உப்புநீரை ஊற்றிக்கொண்டே இருப்பது. பிறகு பல அரங்குகளில் நொறுக்கிய பனிக்கூழே வந்தது. ஐந்தாவது வழி, வேகம். கை வேகமுள்ளவர் வேறெந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கவ்வியைப் போட்டு, தைத்து, எடுத்துவிடுவார். அந்தத் தலைமுறை அறுவை மருத்துவர்களைப் பற்றிப் பேசும்போது முதலில் வேகத்தைத்தான் சொல்வார்கள். அது பெருமைக்காக வளர்த்த பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. அன்று வேகம்தான் மருந்து.

கணக்கு எப்படித் தவறியது என்பது பிணக்கூராய்வு மேசையில் தெரிந்தது. அறுவை வெற்றி, இயந்திரத்திலிருந்து எடுத்தார்கள், ஆனால் இதயம் போதிய ரத்தத்தை வெளியே தள்ளவில்லை, ஓரிரு நாளில் நோயாளி இறந்தார். 1960-களின் பிற்பகுதியில் இப்படி இறந்தவர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்தவர்கள் இடது கீழறையின் உட்புறச் சுவர் முழுக்கச் செத்துப்போய், சில இதயங்களில் ரத்தம் கசிந்து கறுத்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். சுவரின் வெளிப்புறம் நன்றாகவே இருந்தது. காரணம் எளிது. கரோனரி தமனிகள் இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடி, கிளைகளை உள்நோக்கி அனுப்புகின்றன. சுவரின் உட்பகுதி அவற்றுக்குக் கடைமடை. அயோர்ட்டிக் வால்வு சுருங்கி, பல ஆண்டு எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடித்துப்போன இதயத்தில், முறை வைத்து விட்ட கொஞ்ச ரத்தம் தலைமடையிலேயே தீர்ந்துவிடும்.

அதன் உச்சத்தை 1972-இல் ஹூஸ்டனின் டென்டன் கூலியும் சக மருத்துவர்களும் எழுதினார்கள். கவ்வியை எடுத்த பிறகு இதயம் துடிக்கவும் இல்லை, தளரவும் இல்லை. இறுகிச் சுருண்டு கல்லாகக் கிடந்தது. அவர்கள் வைத்த பெயரும் கல் இதயம்தான். தசை சுருங்கத்தான் சக்தி வேண்டும், தளர்வது தானாக நடக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் சுருங்கிய தசையைத் தளர்த்தவும் செல்லுக்குச் சக்தி வேண்டும். அந்தக் கையிருப்பு முழுதும் தீர்ந்தால் தசை இறுகிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். தமது வேகத்துக்கு உலகம் முழுக்கப் பெயர்பெற்ற ஒருவரே, வேகம் காப்பாற்றாத இதயங்களைப் பற்றி எழுதியதில் ஒரு நேர்மை இருந்தது. அதன் பிறகு, பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டே திருப்பம் வந்தது. 1973-இல் அமெரிக்காவில் கேயும் எபர்ட்டும் நாய்களின் இதயத்தைப் பொட்டாசியம் குளோரைடு கொண்டு ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, சேதமில்லாமல் மீட்டுக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது லிட்டருக்கு 25 மில்லிமோல். மெல்ரோஸ் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சிட்ரேட் இல்லை. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டேவிட் ஹெர்ஸ் எலியின் இதயங்களை எடுத்து ஒவ்வொரு உப்பையும் கூட்டியும் குறைத்தும் ஆண்டுக்கணக்கில் சோதித்தார். அவற்றிலிருந்து பிறந்த கரைசலை 1975-இல் மார்க் பிரெய்ம்பிரிட்ஜ் நோயாளிகளுக்குக் கொடுத்தார். லிட்டருக்குப் பொட்டாசியம் இருபதுக்குள், மக்னீசியம் 16, கொஞ்சம் கால்சியம், கொஞ்சம் புரோகைன். மருந்தகத்தில் இருபது மில்லி ஆம்பூலாக வாங்கி, ஒரு லிட்டர் ரிங்கர் திரவத்தில் கலந்து, நான்கு டிகிரிக்குக் குளிர வைத்தால் தயார். நம் ஊர் அறுவை அரங்குகளில் ஒரு தலைமுறையே இந்த ஆம்பூலை உடைத்துத்தான் வளர்ந்தது.

ஏன் இது வேலை செய்கிறது என்பதற்கான எண்களை கலிபோர்னியாவின் ஜெரால்டு பக்பர்க் குழு அளந்து வைத்திருக்கிறது. நூறு கிராம் இதயத் தசை, வேலை செய்து துடிக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டு ஒன்பது மில்லி ஆக்சிஜனைச் செலவிடுகிறது. வெறுமையாகத் துடித்தால் சுமார் ஐந்தரை. மின்சாரத்தால் நடுங்கும்போது ஆறரை! ஓய்வென்று எண்ணி நடுங்க வைத்தார்களே, அந்த நடுக்கம் வெறுந்துடிப்பைவிட அதிகம் தின்றிருக்கிறது. பொட்டாசியத்தால் நிறுத்தினால், குளிர்விக்காமலே, செலவு ஒன்றுக்குச் சற்று மேல். அதையும் 22 டிகிரிக்குக் குளிர்வித்தால் 0.3. அதாவது மிச்சத்தில் பெரும்பங்கு நிறுத்துவதால் வருகிறது. குளிரின் பங்கு அதற்கு மேல் கொஞ்சம். பனியை ஊற்றி ஊற்றிக் காப்பாற்றியதாக நினைத்த காலத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கும் எண்கள் இவை.

பக்பர்க் குழு அடுத்து வைத்த அடி இன்னும் முக்கியம் என்பது என் கருத்து. பட்டினி போடும்போதுகூடச் சிறிது ஊட்டலாமே என்று, 1970-களின் இறுதியில் நோயாளியின் ரத்தத்தையே கரைசலோடு கலந்தார்கள். நாலு பங்கு ரத்தம், ஒரு பங்கு கரைசல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கொடுப்பது. கவ்வியை எடுக்கும் முன் கடைசியாக வெதுவெதுப்பான ரத்தத்தில் ஒரு தவணை கொடுத்தால் தசை விரைவில் தேறுகிறது என்று 1980-களில் டொரொண்டோவில் கண்டார்கள். பட்டினியால் மட்டுமே தசை கெடுவதில்லை. பட்டினிக்குப் பின் திடீரெனப் பாயும் ஆக்சிஜனும் கால்சியமும் தம் பங்குக்குக் கெடுக்கும். டொரொண்டோவிலேயே 1990-களில், குளிரே வேண்டாம் என்று வெதுவெதுப்பான ரத்தத்தாலேயே இதயத்தை நிறுத்தி, 1,732 பைபாஸ் நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதயம் தளர்ந்துபோவது வெப்ப முறையில் குறைந்தது.

வால்வு நோயாளிகளுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. கரைசலை அயோர்ட்டாவின் வேரில் செலுத்தினால் அது கரோனரிகளுக்குள் போக வேண்டும். அயோர்ட்டிக் வால்வே ஒழுகுகிறதென்றால் கரைசல் வால்வு வழியாக இடது கீழறைக்குள் கொட்டி, நிற்கப்போகும் இதயத்தை வீங்க வைத்துவிடும். அன்று கரோனரி வாய்க்குள் குழாய் வைத்து மணிக்கணக்கில் போராடிய அதே இடத்தில், இன்று அயோர்ட்டாவைத் திறந்து, மென்மையான நுனியுள்ள குழலை ஓரிரு நிமிடம் வாயோடு பொருத்திப் பிடித்துக் கொடுத்துவிட்டு எடுத்துவிடுகிறார்கள். அல்லது எதிர்த்திசையில் போகிறார்கள். இதயத்தின் சிரைகள் கூடும் பெருஞ்சிரைக்குள் ஒரு பலூன் குழலை நுழைத்துப் பின்னாலிருந்து கரைசலை ஏற்றுவது. இதை லில்லஹை என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1956-இலேயே அயோர்ட்டிக் வால்வு அறுவையில் செய்து பார்த்திருந்தார். கால் நூற்றாண்டு கழித்துத்தான் அது வழக்கமானது. வலது கீழறைக்கு இந்த வழியில் போதிய அளவு போய்ச் சேருவதில்லை; ஆகவே பலர் முன்வழியையும் பின்வழியையும் சேர்த்தே கையாளுகிறார்கள்.

இன்றைய அரங்கில் அந்தத் தருணம் ஆரவாரமில்லாதது. “கிளாம்ப் ஆன்” என்கிறார் அறுவை மருத்துவர். இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் கடிகாரத்தை அழுத்திவிட்டு, “பிளீஜியா போகுது சார்” என்கிறார்; இதயத்தை நிறுத்தும் கரைசலுக்கு அரங்கில் அதுதான் பெயர். திரையில் அழுத்தம் எழுபது எண்பதுக்குள் நிற்கிறதா என்று பார்க்கிறார். கூர்கூராக ஓடிக்கொண்டிருந்த இசிஜி கோடு அகலமாகி, தட்டையாகி, நேர்கோடாகிறது. ஒரு நிமிடத்துக்குள் இதயம் கையில் எடுத்தால் எந்தப் பக்கமும் வளையும் அளவுக்குத் துவண்டுவிடும். கலவை டெல் நிடோ என்றால் இன்னொரு தவணை பெரும்பாலும் தேவைப்படாது. பெட்ரோ டெல் நிடோவும் பிட்ஸ்பர்க் குழுவினரும் 1990-களின் தொடக்கத்தில் குழந்தைகளின் இதயத்துக்காக உருவாக்கியது அது. பக்பர்க் நாலுக்கு ஒன்றாக வைத்த விகிதம் இதில் தலைகீழ்: ஒரு பங்கு ரத்தம், நாலு பங்கு கரைசல். பொட்டாசியத்தோடு லிடோகைனும் உண்டு. பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே மருந்துதான். ஒருமுறை கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்குரிய அடிப்படைத் திரவம் இங்கே எளிதில் கிடைக்காததால் ரிங்கர் லாக்டேட்டில் கலந்து கொடுக்கும் மருத்துவமனைகள் நம் நாட்டில் உண்டு. பிரெட்ஷ்னைடரின் கரைசலும் இன்று கஸ்டோடியோல் என்ற பெயரில் உலகெங்கும் வலம் வருகிறது; ஒரே தவணையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும், விலைதான் அதிகம்.

பனிக்கூழ் ஏறக்குறைய மறைந்தே விட்டது. அதற்கு யாரும் வருந்தவில்லை. இதய உறையை ஒட்டி ஓடும் உதரவிதான நரம்பு அந்தக் குளிரில் விறைத்து, அறுவைக்குப் பின் இடது உதரவிதானம் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்து, நோயாளி மூச்சுக்குத் தவித்த காலம் அது. மறைந்தவற்றில் எனக்கு உண்மையான இழப்பாகத் தோன்றுவது விரலின் அறிவு. இன்று உணவுக்குழாய் வழியே இறக்கும் எதிரொலிக் கருவி வால்வை முப்பரிமாணத்தில் காட்டுகிறது. விரல் சொன்னதைவிட அதிகம் சொல்கிறது. ஆனாலும் ஒரு தலைமுறை தொட்டே கற்றுக்கொண்டதை அடுத்த தலைமுறை திரையில் மட்டுமே பார்க்கிறது. கடிகாரத்தின் மீதிருந்த பயமும் குறைந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கவ்வி நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்ற விதி எந்தக் கரைசலாலும் ரத்தாகிவிடவில்லை. அன்று தசையின் சேதத்தைப் பிணக்கூராய்வில்தான் பார்க்க முடிந்தது. இன்று அறுவை முடிந்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் டிரோபோனின் என்னும் புரதத்தின் அளவு அதைக் காட்டிவிடுகிறது. சேதமே இல்லாத அறுவை இன்றும் இல்லை என்பதையும் அதே எண் ஒவ்வொரு முறையும் காட்டுகிறது.

வென்ற நேரத்தை எதில் செலவிட்டார்கள் என்று கேட்டால், பழுதுபார்ப்பதில் என்பேன். பதினைந்து நிமிடத்தில் ஒரு வால்வை வெட்டி எறிந்து புதியதை வைக்கலாம், கை வேகம் இருந்தால். கெட்ட வால்வைச் சீர்செய்ய அந்த நேரம் போதாது. பாரிஸில் அலென் கார்பாந்தியே வளர்த்தெடுத்த மிட்ரல் சீரமைப்பு, தடித்த இதழை உரித்து மெலியவைத்து, ஒட்டிய நாண்களைப் பிரித்து, அறுந்ததற்குச் செயற்கை நாண் கட்டி, வளையம் தைத்து, கடைசியில் கீழறைக்குள் உப்புநீரை நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்கும் வேலை. ஒழுகினால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். இதயம் பொறுமையாகக் காத்திருந்தால்தான் இது சாத்தியம். வெற்றி பெற்றால் நோயாளி உலோக வால்வுக்காக ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க அசிட்ரோம் மாத்திரை விழுங்கி, மாதாமாதம் ஐஎன்ஆர் என்னும் ரத்தப் பரிசோதனை பார்த்து, கீரையைக்கூட அளந்து தின்னும் நிலை இல்லை. குழந்தை பெற வேண்டிய வயதிலிருக்கும் பெண்ணுக்கு இதன் பொருள் சொல்லத் தேவையில்லை. அந்த மாத்திரை கருவைப் பாதிக்கும்.

இதற்கிடையே, நிறுத்தாமலே வேலை செய்யும் வழியும் திரும்பி வந்திருக்கிறது. ஜப்பானின் கான்ஜி இனோவே 1980-களில் கொண்டுவந்த பலூன், விரல் செய்த அதே வேலையைத் தொடைச் சிரை வழியாகப் போய்ச் செய்கிறது. வேலூரில் ஆயிரக்கணக்கில் நடந்த மூடிய அறுவை அதற்குப் பின் அரிதாகிவிட்டது. 2002 ஏப்ரல் 16 அன்று பிரான்சில் அலென் கிரிபியே அயோர்ட்டிக் வால்வையே குழல் வழியாகப் பொருத்தினார். இப்போது வால்வை விரிக்கும் சில நொடிகள் மட்டும் இதயத்தை நிமிடத்துக்கு 180-க்கும் மேல் துடிக்கத் தூண்டி, ரத்தம் வெளியேறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கவ்வி இல்லை, கரைசல் இல்லை.

ஆனால் அந்த வழி பெரும்பாலும் சுண்ணமேறிச் சுருங்கிய வால்வோடு வரும் முதியவர்களுக்கானது. ருமாட்டிக் காய்ச்சல் சுருக்கமும் ஒழுகலும் சேர்ந்து கெடுத்த மிட்ரல் வால்வோடு முப்பது வயதில் வருபவருக்கு இன்றும் மார்பைத் திறந்துதான் ஆக வேண்டும். அவருக்குத் திசு வால்வு வைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டில் தேய்ந்துவிடும். மறுபடி வர வேண்டும். இரண்டாம் முறை இதயம் மார்பெலும்போடு ஒட்டியிருக்கும், பிரித்தெடுப்பதற்கே நேரமாகும், தசையும் முன்போல் இருக்காது. தேய்ந்த வால்வுக்குள்ளேயே குழல் வழியாக இன்னொரு வால்வை விரித்துவிடும் முறை வந்திருக்கிறது. அதற்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். பணம் இல்லாதவருக்கு அதே இதயத்தை இரண்டாம் முறை நிறுத்துகிறார்கள், இருபது மில்லி ஆம்பூலை ஒரு லிட்டர் ரிங்கரில் கலந்து.